ஒரு தலைக்கு இரண்டு குல்லா

அன்புள்ள சதீஷ்,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம், இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. எங்கள் மாலை வகுப்பில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார்கள். தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதப் போகிற நானும் அதற்கு ஏதாவது தந்தாக வேண்டும் என்று தமிழ் டீச்சர் சொல்லிவிட்டார். "கதையெல்லாம் வேணாம்க்கா. உங்க வீட்டுல நடந்ததயே எழுதுங்க. யாருக்காவது கடிதமா எழுதுனா இன்னும் நல்லா வரும்" என்றார். பக்கத்து பெஞ்சில் சீருடையோடு உட்காருகிற பெண்கள் எல்லாரும் படிப்பார்கள். படிக்கட்டும். எனக்குச் சீருடை ஒன்றுதான் இல்லை. மற்றபடி நானும் இப்போது பள்ளிக்கூடத்துப் பெண்தான். பேனாவுக்குப் புது ரீபிள் போட்டு, பக்கத்தின் ஓரத்தில் கோடு கிழித்துவிட்டுத்தான் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன்.

நாளைக்கு நீ சென்னையில் பயிற்சி முடித்து வீட்டுக்கு வருகிறாய். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை உன் வண்டியை எடுத்துக்கொண்டு கோத்தகிரிக்குக் கிளம்புகிறாய். மலைமேல் இருக்கிற செல்போன் டவர்களைப் பழுது பார்க்கிற வேலை. வைகாசியில் உனக்கும் வல்லத்துப் பெண் நிவேதாவுக்கும் கல்யாணம். இத்தனையும் நல்ல செய்திகள். நல்ல செய்தி வருகிறபோது அம்மாக்கள் சந்தோஷப்பட வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். நானும் பட்டேன். ஆனால் ஒரு மாதமாக என் மனசுக்குள் கூடவே ஒன்று கிடந்து எரிகிறது. அதற்குப் பெயர் பொறாமை. வேறு நல்ல பெயர் ஏதாவது கிடைக்குமா என்று அகராதியில்கூடத் தேடினேன். 'அழுக்காறு' என்று ஒரு சொல் இருக்கிறது; அது இன்னும் மோசமாக இருந்தது. அதனால் பொறாமை என்றே எழுதுகிறேன்.

நீதான் தொடங்கி வைத்தாய். ஒரு நாள் போனில், "அங்க விடியறதுக்கு முன்னாடியே வண்டி எடுக்கணும்மா. ஹெல்மெட்டுக்குள்ள போட்டுக்கற மாதிரி மூஞ்சி முழுக்க மூடற குல்லா ஒண்ணு வேணும். பாலக்லாவான்னு சொல்லுவாங்க" என்றாய். அந்த வார்த்தையை எழுத்துக் கூட்டி எழுதி வைத்துக்கொண்டேன். மறுநாள் சாயங்காலமே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். குளிர்காலம் வந்தால் அங்கே பிளாட்பாரத்தில் கம்பளியும் ஸ்வெட்டரும் பரப்புகிற வடக்கத்தி அம்மா உனக்குத் தெரியும். "தலை எவ்ளோ பெரிசு?" என்று அவள் கேட்டாள். நான் இரண்டு கைகளையும் எதிரெதிரே வைத்து, நடுவில் ஒரு தலை இருப்பதுபோலக் காட்டினேன். "இவ்ளோ." அவள் சிரித்துக்கொண்டே மெரூன் கலரில் ஒரு மங்கி குல்லாவை எடுத்து என் கைகளுக்கு நடுவில் மாட்டினாள். சரியாக இருந்தது. அளவு நாடா எனக்கு எதற்கு? நீ பிறந்தபோது உன் தலை சுரைக்காய் மாதிரி ஒரு பக்கம் நீண்டிருந்தது. குளிப்பாட்டும்போதெல்லாம் எண்ணெய் தொட்டு, இரண்டு உள்ளங்கையாலும் மெல்ல மெல்ல உருட்டி அதை உருண்டையாக்கியவள் நான். மேல்மலையனூரில் உனக்கு மொட்டை போட்ட அன்று அமாவாசைக் கூட்டம். நீ போட்ட சத்தத்தில் பம்பைக்காரரே ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டுப் பார்த்தார். அன்றைக்கும் அந்தத் தலை என் இரண்டு கைகளுக்கு நடுவில்தான் இருந்தது. சந்தனம் பூசி, வெயில் படாமல் என் முந்தானையால் மூடி, பஸ் வரைக்கும் தூக்கி வந்தேன்.

அந்த வாரமே உன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. "நிவேதா அனுப்பியிருக்காம்மா, நீயே பிரிச்சிப் பாரு" என்று போனில் நீ சொன்னாய். பிரித்தால் கறுப்பாக, மெல்லிசாக, பெண்கள் காலில் போடுகிற சாக்ஸ் மாதிரி ஒரு துணி. மடித்தால் சட்டைப் பைக்குள் போய்விடும். உன் நைனா அப்போதுதான் மினி லாரியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அவரிடம் தூக்கிக் காட்டினேன். "இத போட்டுகினு மலைக்குப் போவானா? கொசு வலைகூட இதவிட மொத்தமா இருக்கும்." அவர் வாங்கி இழுத்துப் பார்த்தார். "இழுத்தா நீளுது, உட்டா சுருங்குது. நல்லாத்தாம்மே இருக்குது" என்றார். அந்த 'நல்லாத்தான்' எனக்குப் பிடிக்கவில்லை. அன்று சாயங்காலம் உனக்குப் போன் செய்து, நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன், கம்பளி என்று சொன்னேன். "நீ வாங்குனா சரியாத்தான் இருக்கும்மா. அது இருந்தா குளிரே தெரியாது. உன்னதத்தான் எடுத்துகினு போவேன்" என்றாய். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் இரண்டு நாள் வீட்டுக்குள் மிதந்துகொண்டிருந்தேன்.

இந்தக் குணம் எனக்குப் புதிதில்லை. நீ மூன்றாம் வகுப்புப் படித்தபோது, மார்கழி மாதத்தில் பனிக்காக உன் தலையில் துண்டு கட்டி அனுப்புவேன். ஒரு நாள் அது வழியிலேயே அவிழ்ந்துபோய், உங்கள் மிஸ் திரும்பக் கட்டிவிட்டார்களாம். வீட்டுக்கு வந்த பிறகும் நீ அதை அவிழ்க்க விடவில்லை. "எங்க மிஸ் கட்டுனதும்மா, தொடாத" என்று சொல்லி, அதோடேயே சாப்பிட்டாய், அதோடேயே படுத்தாய். காலையில் நான் பார்த்தேன். நான் போடுகிற அதே முடிச்சுதான். ஒரு துண்டில் போடுவதற்கு வேறென்ன முடிச்சு இருக்கிறது? ஆனாலும் அந்த வருஷம் முழுக்க அந்த மிஸ்ஸைத் தெருவில் பார்த்தால் நான் எதிர்ப் பக்கம் போய்விடுவேன். அவர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் போனேன்.

அதனால் நிவேதாவின் குல்லாவை நான் எப்படி ஆராய்ந்தேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். நூலகத்தில் கிடைத்ததைப் படித்தேன், போனில் வீடியோ பார்த்தேன். குளிரில் வண்டி ஓட்டுகிறவன் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று பக்கம் பக்கமாகக் குறித்துக்கொண்டேன். உன் பாதுகாப்புக்காகத்தான் என்று வெளியே சொன்னேன். உள்ளே நான் தேடியது அவளுடைய குல்லாவில் ஒரு குற்றம். பருத்தியாக இருந்தால் வியர்வையைக் குடித்துக்கொண்டு அப்படியே ஜில்லென்று தங்கிவிடும், ஆகாது என்று படித்தேன். ஆசையோடு அவளுடைய குல்லாவில் தைத்திருந்த துணிச் சீட்டைப் பார்த்தேன், பருத்தி இல்லை. சீக்கிரம் காய்கிற ரகம். கழுத்து குட்டையாக இருந்தால் காலர் சந்தில் காற்று புகும் என்றார்கள்; அவளுடையது நெஞ்சு வரை இறங்கியது. மூக்கை மூடுகிற பாகத்தைத் தனியாகக் கீழே இறக்க முடிந்தால், ஹெல்மெட்டைக் கழற்றாமலே டீ குடிக்கலாம், கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லலாம் என்றார்கள், அதுவும் இருந்தது. ஒவ்வொன்றாக டிக் அடிக்கும்போது எனக்கு வந்த எரிச்சலை என்னவென்று சொல்வது!

படித்துப் பார்ப்பது போதாது, போட்டு ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். உன் ஹெல்மெட் இங்கேதான் வண்டியின் கண்ணாடியில் தொங்குகிறது. போன வாரம் வியாழக்கிழமை விடிந்ததும் என் மெரூன் குல்லாவைப் போட்டு, அதன்மேல் உன் ஹெல்மெட்டை மாட்டி, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு திருவண்ணாமலை ரோட்டில் போனேன். தை பிறந்தும் பனி விடவில்லை. ராஜகிரிக் கோட்டை மலைக்கு இடுப்புக்குமேல் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மலைக்கும் நடுவில் போகும்போது காற்று எப்படி அடிக்கும் என்று உனக்கே தெரியும். குளிர் எனக்குத் தெரியவே இல்லை, காதெல்லாம் கதகதவென்று இருந்தது. ஆனால் மூச்சு விட்ட ஆவி முழுக்க மேலே ஏறி மூக்குக் கண்ணாடியில் படிந்துவிட்டது. எதிரே வந்தது ஆடா ஆளா என்று தெரியாமல் நிறுத்தினேன். ஆடுதான். பிறகு பார்த்தால் ஹெல்மெட்டின் வார் மாட்டவே இல்லை. கம்பளியின் தடிப்பில் ஹெல்மெட் மேலே தூக்கிக்கொண்டு நின்றதால், கொக்கி எட்டாமல் வார் தொங்கிக்கொண்டிருந்தது. 'பனி அதிகம், கண்ணாடி மங்கியது. வார் சிறியது' என்று எழுதி வைத்தேன். குல்லாவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத்தோடு கொண்டை போட்டுக்கொண்டு, அவளுடைய கறுப்புக் குல்லாவை மாட்டினேன். ஹெல்மெட் உள்ளே போக மறுத்தது. அழுத்தித் தள்ளினேன். பின்மண்டை விண்விண்ணென்று தெறித்தது. எனக்கு வந்த மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு, உன் நைனா டீ குடிக்கிற கடைக்குப் போய் நின்றேன். கண் மட்டும் தெரிய நான் இறங்கியதும், அவர் கூட்டாளி ஒருவர், "அண்ணி, பேங்க் பத்து மணிக்குத்தான் தொறப்பாங்க, இன்னா இம்மா சீக்கிரம் வந்துட்டீங்க?" என்றார். கடையே சிரித்தது. நான் யாரையும் சட்டை செய்யாமல், "பாத்தியா? உன் மருமவ வாங்குனது அளவே பத்தல. தல வெடிக்குது. இதப் போட்டுகினு அவன் மலையில ஓட்டுனா மயக்கம் போட்டு உழுவான்" என்றேன். உன் நைனா டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் கொண்டைய உள்ள வச்சிக்கினு குல்லாவ குத்தம் சொல்றியேம்மே" என்றார்.

டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துப் பின்னலாகப் போட்டுக்கொண்டு, மறுபடியும் மாட்டினேன். ஹெல்மெட் சிக்கென்று இறங்கியது. வார் மாட்டியது. திரும்பவும் மலைகளுக்கு நடுவில் போனேன். கண்ணாடியில் ஆவி ஏறவில்லை. மூக்குக்குக் கீழே மெல்லிய ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள், மூச்சு அங்கேயே போய்விடுகிறது. காற்று முகத்தில் மோதியது தெரிந்தது, குத்தவில்லை. ஏரிக்கரை வரை போய்த் திரும்பினேன். வழியெல்லாம் எனக்கு அழுகை வந்தது. ஒரு பெண், உன்னைப் பார்த்துச் சில மாதங்களே ஆன பெண், எங்கேயோ உட்கார்ந்துகொண்டு போனைத் தடவி உன் தலைக்கு இவ்வளவு பொருத்தமாக ஒன்றை எப்படி வாங்க முடிந்தது? யார் அவளுக்கு அளவு சொன்னது? நீயாக இருந்தால், எப்போது, எந்த இடத்தில் அவள் கை உன் தலையை அளந்தது? இதையெல்லாம் ஒரு அம்மா யோசிக்கலாமா என்று கேட்காதே. யோசித்தேன்.

அப்போதுதான் வலது காதுக்குப் பின்னால் ஏதோ உறுத்தியது. வண்டியை நிறுத்தி, விரலை விட்டுப் பார்த்தேன். குல்லாவின் இரண்டு பாகங்கள் சேருகிற தையல் அந்த வழியாக இறங்குகிறது. தடித்த தையல். எனக்குச் சும்மா ஒரு கோடு மாதிரிதான் தெரிந்தது. ஆனால் உனக்கு அந்த இடத்தில்தான் அந்த மேடு இருக்கிறது. ஏழு வயதில், காணும் பொங்கலன்று கோட்டையில் கூட்டத்தோடு கூட்டமாகப் பாறையில் சறுக்கி விளையாடி விழுந்தாயே, அப்போது போட்ட தையல் ஆறி, பட்டாணி மாதிரி நின்றுவிட்ட மேடு. முடி மூடிவிட்டதால் யாருக்கும் தெரியாது. தொட்டால் இப்போதும் உனக்கு வலிக்கும். என்.சி.சி.யில் தொப்பி போட்ட நாட்களில் அந்த இடம் சிவந்துபோய், நீ தொப்பியைச் சரித்துப் போட்டு, அதற்காகத் திட்டு வாங்கியது எனக்கு நினைவிருக்கிறது. ஹெல்மெட்டின் உள்ளே மெத்தென்று இருப்பதால் சும்மா போடும்போது உறுத்தாது. நடுவில் இந்தத் தையல் வந்தால்? அரை மணி நேரத்தில் வலிக்கும். நீ வாரைத் தளர்த்துவாய், ஹெல்மெட்டைப் பின்னால் தள்ளுவாய். இல்லாவிட்டால் குல்லாவையே கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவாய். வட்டமாகச் சுற்றிப் பின்னிய என் கம்பளிக் குல்லாவில் தையலே கிடையாது.

இப்போது புரிகிறதா, எனக்குக் கிடைத்தது என்னவென்று? தேடிய குற்றம் கிடைத்துவிட்டது. அது நூலகத்துப் புத்தகத்தில் இல்லை, உலகத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கோத்தகிரியிலிருந்து நீயே போன் செய்து, "அது சரிப்படலம்மா, உன் குல்லாவ கூரியர்ல அனுப்பு" என்பாய். கொண்டை ஊசி வளைவுகளில் வார் தளர்ந்த ஹெல்மெட்டோடு நீ போவது கண்ணுக்குள் வரும். உடனே அதைத் தள்ளிவிட்டு, நீ போன் செய்வதை மட்டும் நினைத்துக்கொள்வேன். ஒரு வாரம் இப்படியே இருந்தேன். வகுப்பில் பொருளாதாரப் பாடம் நடக்கும்போதுகூட அந்தப் போன் ஒலித்துக்கொண்டே இருந்தது.

நேற்று சாயங்காலம் நிவேதா வந்தாள். இங்கே லேபில் வேலை முடிந்ததும் வல்லத்துக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னால் வந்திருக்கிறாள். கையில் ஒரு பை நிறைய வேர்க்கடலை. "எங்க கொல்லையில புடுங்குனது அத்த. அவரு போற வழியில கொறிக்க வறுத்துக் குடுங்க" என்றாள். உட்காரச் சொன்னேன். தயங்கித் தயங்கி, "குல்லா வந்துச்சா அத்த? அது போதும், அதப் போட்டா குளிரே தெரியாது, உன்னதத்தான் எடுத்துகினு போவேன்னு சொன்னாரு" என்றாள்.

"இன்னான்னு சொன்னான்? திரும்பச் சொல்லு."

"உன்னதத்தான் எடுத்துகினு போவேன்னு."

"குளிரே தெரியாதுன்னு?"

"ஆமா அத்த."

நான் உள்ளே போய் மெரூன் குல்லாவை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். "இதுக்கும் அதையேதான் சொன்னான். ஒரு எழுத்து மாறல. ரெண்டையும் கண்ணால பாக்காமலே சொல்லியிருக்கான்."

அவள் முகம் சுருங்கியது. அது சுருங்கியதில் எனக்கு ஒரு சந்தோஷம். மறைக்க மாட்டேன் என்று சொன்னேன் அல்லவா. பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. நல்லா மாட்டிக்கிட்டாரு என்று அவள் சொல்லச் சொல்ல, இரண்டு பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் குல்லாவைத் தடவிக்கொண்டே, "ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே அத்த? எப்ப போன் பண்ணாலும் அவரு, எங்கம்மா இத செஞ்சாங்க, எங்கம்மா அத சொன்னாங்க, எங்கம்மா பரிட்சைக்குப் படிக்கிறாங்கன்னுதான் பேச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடும்" என்றாள்.

"ஒரு மாதிரின்னா?"

"எரிச்சலா."

"பொறாமையா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா அத்த" என்றாள்.

சதீஷ், நான் எத்தனையோ இரவுகள் சுமந்துகொண்டு திரிந்த சொல்லை அவள் இரண்டே நிமிஷத்தில் ஒப்புக்கொண்டுவிட்டாள். கடைசியில், கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டேன். "அளவு உனக்கு எப்பிடித் தெரிஞ்சிது?" அவள் முகம் சிவந்துவிட்டது. "வீடு பாக்க வந்தப்ப, வெளிய ஹெல்மெட்டு தொங்குச்சில்ல? பூ கட்டியிருந்த நூல உள்ள சுத்திவர வச்சி அளந்துகினேன் அத்த. வேற எப்பிடித் தெரியும்? தலையத் தொட்டுகூடப் பாத்ததில்ல." அன்றைக்கு அவள் ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதன் கண்ணாடியில் அழகு பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்து, அவள் குடும்பத்தார் போன பிறகு உன் நைனாவிடம் புலம்பினேன். அவள் அளந்தது உன் தலையை இல்லை, தலை இல்லாத ஒரு ஓட்டை.

டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனேன். பால் பொங்கும்வரை அங்கேயே நின்றேன். வென்றுவிட்டேன் என்று இருந்தது. இருபத்தைந்து வருஷம் கையில் வைத்திருந்த தலைக்கும், ஹெல்மெட்டுக்குள் வைத்துப் பார்த்த ஒரு நூலுக்கும் என்ன போட்டி? ஆனால் அந்த நூல் மனசை விட்டுப் போகவில்லை. தலையில் இருந்த பூவை உதிர்த்துவிட்டு நூலை எடுத்திருக்கிறாள். தொட முடியாத ஒன்றை அளப்பதற்கு வேறு வழி இல்லாதவள் செய்கிற வேலை அது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இதற்குமேல் அந்த மேட்டை மறைத்து வைத்துக்கொண்டு நின்றால், வளைவில் தளர்கிற வாரை நானே என் கையால் அவிழ்த்துவிட்ட மாதிரி.

டம்ளர்களை வைத்துவிட்டு அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். "திரும்பாத" என்றேன். அவளுடைய பின்னலை ஒதுக்கி, வலது காதுக்குப் பின்னால் என் விரலை வைத்தேன். "இந்த எடத்துல அவனுக்கு ஒரு மேடு இருக்குது. சின்னதுல உழுந்தது. தொட்டா வலிக்கும். உன் குல்லாவோட தையலு நேரா அதுமேலதான் வருது." அவள் என் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலைக் கொண்டுவந்து வைத்து, "இங்கயா அத்த?" என்று கேட்டாள். "இன்னும் கொஞ்சம் கீழ" என்றேன். அவள் விரல் அந்த இடத்தில் நின்றது. என்னுடையதை எடுத்துக்கொண்டேன். அதை எடுத்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரிந்தால், தமிழ்த் தேர்வில் எனக்கு முழு மதிப்பெண் போட வேண்டும்.

நான் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள் அவள் கறுப்புக் குல்லாவை எடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, தையலைத் தடவிப் பார்த்து, "இப்பிடிப் போட்டா தையல் வெளிய போயிடும். உள்ள வழுவழுன்னு இருக்கும், பாருங்க" என்று என்னிடம் நீட்டினாள். ஒரு வாரம் நோட்டுப் போட்டு ஆராய்ந்தவள் நான். அந்த யோசனை எனக்கு வரவில்லை. உடனே மறுபடியும் பொறாமை வந்துவிட்டது. அது போகாது போலிருக்கிறது. இன்று காலை அதைப் புரட்டிப் போட்டுக்கொண்டு மறுபடியும் மலை வரை போய் வந்தேன். உறுத்தல் இல்லை. மூக்கு ஓட்டையும் அதே இடத்தில்தான் வருகிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ போட்டுக்கொண்டு போக வேண்டியது அவளுடைய குல்லா, உள்பக்கம் வெளியே. கழுத்தோரத்துச் சீட்டு வெளியே தெரியும். அங்கே யாராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஹெல்மெட்டை அழுத்தி மாட்டு, வாரைக் கடைசிவரை இழு, வியர்வை நாறவிடாமல் தினமும் அலசிப் போடு, குளிரும் என்று ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ளாதே. என் மெரூன் குல்லாவைத் தேடாதே. உன் நைனா அதைப் போட்டுக்கொண்டு இன்று காலை நெல் மூட்டை ஏற்றப் போய்விட்டார். "எனக்குத்தாம்மே இது அளவா இருக்குது" என்றார்.

உனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. இரண்டு பேரைச் சமாதானமாக வைத்துக்கொள்ள ஒரே வாக்கியத்தை இரண்டு பேருக்கும் கொடுக்காதே. நீ அன்பாகத்தான் சொன்னாய், தெரியும். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் உன் வார்த்தையை நம்பி ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாக ஜெயித்துக்கொண்டிருந்தோம். "அவளுது சரியா இருக்குதும்மா, உன்னது மொத்தமா இருக்குது" என்று நீ சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நாள் வலித்திருக்கும். என்னிடம் மட்டுமில்லை, அவளிடமும் அப்படியே இரு. அவள் சமைத்தது உப்பாக இருந்தால் உப்பு என்று சொல். ஆனால் 'எங்கம்மா செஞ்சா' என்று தொடங்காதே. அந்த வாக்கியம் அவளை என்ன செய்கிறது என்று எனக்கு இப்போது தெரியும். கேட்க எனக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் தொடங்காதே. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நிவேதாவை அவள் அம்மாவோடு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் இது என்ன பழக்கம் என்று தெருவில் யாராவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். வாசலில் அவள்தான் உனக்கு அந்தக் குல்லாவை மாட்டிவிடப் போகிறாள். அந்த நேரத்தில் நான் கடலை வறுத்துக்கொண்டிருப்பேன். வெளியே வர மாட்டேன். கூப்பிடாதே. ஜன்னல் வழியாகப் பார்ப்பேன்.

எல்லாவற்றையும் எழுதுவேன் என்று தொடங்கினேன். ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. அந்த மேட்டைப் பற்றி நிவேதாவிடம் சொன்னேன், ஆனால் முழுவதும் சொல்லவில்லை. நீ சின்னவனாக இருந்தபோது, காய்ச்சல் வந்து தூங்காமல் அனத்துகிற நாட்களில், அந்த இடத்தில் நான் ஒன்று செய்வேன். உடனே தூங்கிப்போவாய். என்ன செய்வேன் என்று உனக்கே நினைவிருக்காது. எனக்கு மட்டும் தெரியும். எழுதினால் டீச்சர் படிப்பார், இந்தப் பெண்கள் படிப்பார்கள், பத்திரிகை கைமாறிக் கைமாறி ஒரு நாள் அவளும் படிப்பாள். பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறேன். பெண்கள் எல்லாரும் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். டீச்சர் கதவருகே நின்று, "அக்கா, முடிச்சிட்டீங்களா? பூட்டணும்" என்கிறார். "இன்னும் ஒரே ஒரு வரி டீச்சர்" என்றேன். சிரித்துக்கொண்டே அவர் சுவர்ப் பக்கம் கையைக் கொண்டுபோனார். விளக்கை அணைத்துவிட்டார்; இந்த வரி இருட்டில் எழுதியது.